ஒரு சிட்டிகைப் புகை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, வீடூர் அணைப் பக்கத்து நிலங்களில் பழைய ஆயில் எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அதன் சூட்சுமமும் தெரிந்திருக்கும். கைப்பிடி போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட்டால், கறுப்பாக ஒரு முறை புகையைக் கக்கிவிட்டு எஞ்சின் எழுந்துகொள்ளும். சிலிண்டருக்குள் டீசல் எரிகிறது, அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றுகிறது, கிணற்றுத் தண்ணீர் மல்லாட்டைக் கொல்லைக்குப் பாய்கிறது.

விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் அணிவகுப்பு பார்க்கப் போனவர்கள் காவலர்களின் தோளில் நீளத் துப்பாக்கிகளைப் பார்த்திருப்பார்கள். தமிழகக் காவல்துறையில் பல்லாண்டுகள் புழங்கிய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் ஒரு வகையில் அந்த எஞ்சினுக்குப் பங்காளிதான். குழல்தான் சிலிண்டர். குண்டுதான் பிஸ்டன். என்ன, இந்த பிஸ்டன் திரும்பி வராது.

ஆயில் எஞ்சினுக்குள் எழும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 60, 70 மடங்கு. எஸ்.எல்.ஆர். தோட்டாவில் அது 3,000 மடங்குக்கும் மேல். பத்து கிராம்கூட எடையில்லாத குண்டு, ஒன்றரை மில்லி விநாடிக்குள் அரை மீட்டர் குழலைக் கடந்து, விநாடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஆனால் வெடிமருந்து எரிந்து தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவே குண்டுக்குப் போய்ச் சேருகிறது. மீதி சூடாகவும் சத்தமாகவும் புகையாகவும் வீணாகிறது.

அந்த வீணிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து வேலை வாங்க முடியுமா?

வாங்காத காலத்தில் அந்த வேலையைக் கைதான் செய்தது. கல்லூரி என்.சி.சி.யில் போல்ட் வைத்த துப்பாக்கியால் சுட்டவர்களுக்கு இது பழக்கம். போல்ட்டைத் தூக்கு, பின்னால் இழு, வெற்றுக் கூடு தெறித்து விழும், முன்னால் தள்ளு, மடக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் இந்த நான்கு அசைவு. போலீஸ்காரர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் .303 லீ-என்ஃபீல்டும் இப்படித்தான் இயங்குகிறது.

அமெரிக்காவின் யூட்டா பகுதியைச் சேர்ந்த ஜான் பிரவுனிங், 1889இல் ஒரு சுடும் பயிற்சியின்போது ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல்வாய்க்கு அருகிலிருந்த கோரைகள் காற்றடித்ததுபோல் சாய்ந்து நிமிர்ந்தன. எத்தனையோ பேர் பார்த்த காட்சிதான். ஆனால், கோரையைச் சாய்க்கும் காற்றால் இரும்பை அசைக்க முடியாதா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்து புகையால் இயங்கும் இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. மெக்சிகோவின் மானுவேல் மொண்ட்ராகோன் வடிவமைத்த, தானே குண்டேற்றும் துப்பாக்கியை அந்நாட்டு ராணுவம் 1908இல் ஏற்றது. 1936இல் அமெரிக்க ராணுவம் எம்1 காரண்ட் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது.

இந்தியா தானே குண்டேற்றும் துப்பாக்கிக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு கசப்பு இருக்கிறது. 1962 நவம்பரில், சீனாவுடனான போரில், லடாக்கின் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கின் வீரர்கள் .303 துப்பாக்கியோடுதான் நின்றார்கள். உறையும் குளிரில், விறைத்த விரல்களால் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்கவேண்டும். அந்தப் போருக்குப் பிறகு, பெல்ஜியத்தின் ஃபால் துப்பாக்கியைத் தழுவிய 1ஏ1, வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியது. அதுதான் எஸ்.எல்.ஆர். பெயரின் விரிவு ‘செல்ஃப் லோடிங் ரைபிள்’. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டாவை அது தானே ஏற்றிக்கொள்ளும்.

குழலின் மேற்புறத்தில், மல்லாட்டைப் பருப்பு நுழையாத ஒரு சின்னத் துளை. குண்டு அதைத் தாண்டியதும், பின்னால் வரும் புகையில் கொஞ்சம் அதன் வழியே மேலேறி ஒரு குட்டி பிஸ்டனை இடிக்கிறது. பிஸ்டன் தட்டிய வேகத்தில் போல்ட்டைச் சுமக்கும் இரும்புக் கட்டை பின்னால் ஓடுகிறது. ஓடிய உடனே பூட்டு திறந்துவிடாது. கட்டை முதலில் சிறிது தூரம் சும்மா நகரும். அதற்குள் குண்டு வெளியேறி, குழலில் அழுத்தம் தணிந்துவிடும். பிறகுதான் பூட்டு விடுபட்டு, கூடு தெறித்து, சுருள்வில் கட்டையை முன்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டா ஏறுகிறது. எல்லாம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள். பூட்டு முந்தித் திறந்தால் ஆபத்து. அந்தச் சிறு தாமதத்தில்தான் சுடுபவரின் உயிர் இருக்கிறது.

புகையிடம் வேலை வாங்க மூன்று வழிகள் உண்டு. எஸ்.எல்.ஆருடையது கேரம் ஸ்டிரைக்கர் வழி. பிஸ்டன் ஒரு சுண்டு சுண்டிவிட்டு நின்றுவிடும். காய் தானாக ஓடும். இரண்டாவது, பிஸ்டனும் கட்டையும் ஒன்றாகப் பிணைந்து கடைசிவரை சேர்ந்தே ஓடும் ஏ.கே. வழி. மூன்றாவதான எம்16 வழியில் பிஸ்டன் தண்டே கிடையாது. புகை ஒரு மெல்லிய குழாயில் ஓடிவந்து கட்டைக்குள்ளேயே பாய்கிறது. எடை குறையும், ஆனால் கரியும் சூடும் நேரே இயந்திரத்தின் வயிற்றுக்குள் வரும். பிஸ்டன் வைத்தால் எடை கூடும்; கரி பெரும்பாலும் முன்னாலேயே தங்கிவிடும்.

புகை எவ்வளவு வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். குறைந்தால் கட்டை பாதி வழியில் நின்று, கூடு சிக்கும். கூடினால் இரும்பு இரும்போடு மோதித் தேயும், தோளும் அதிகமாக அடி வாங்கும். அதனால் எஸ்.எல்.ஆரில் துளைக்கு அருகே திருகக்கூடிய ஒரு வளையம் வைத்தார்கள். அதிகப்படி புகை அதன் வழியே வெளியே கசிந்துவிடும். தூசியும் கரியும் சேர்ந்து இயந்திரம் திணறினால், வளையத்தைக் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம்.

எஸ்.எல்.ஆருக்குப் பிறகு இன்சாஸ் துப்பாக்கி வந்தபோது இந்தியா ஸ்டிரைக்கர் வழியை விட்டுப் பிணைந்த பிஸ்டனுக்கு மாறியது. 1999 கார்கில் போரில் அது களத்தில் இருந்தது. விழுப்புரம் வழியே போகும் நெடுஞ்சாலை கொண்டுசேர்க்கும் திருச்சியில், 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே உருவான ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலும் பிஸ்டன் கட்டையோடு பிணைந்தே ஓடுகிறது.

வெளிநாட்டில் சில இடங்களில் இந்த வகைத் துப்பாக்கியைக் கடையில் பார்த்து வாங்குகிறார்கள். இங்கே படைகள் பயன்படுத்தும் குழல் விட்டம் கொண்ட துப்பாக்கிகள், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட வகை. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறும் சாதாரண உரிமத்தில் அவை வராது. நம் ஊரில் எந்தத் துப்பாக்கி என்று தேர்வு செய்தது தனிமனிதர் அல்ல, அரசாங்கம்.

ஆனால் அதன் தத்துவம் யாருக்கும் தடை செய்யப்படவில்லை. ஆயில் எஞ்சின் மெக்கானிக் எதையும் பிரிப்பதற்கு முன் புகையின் நிறத்தைத்தான் பார்ப்பார். கறுத்தால் டீசல் அதிகம் என்று திருகைக் கால் சுற்று குறைப்பார். இஷாப்பூர் வளையத்தைத் திருகியவர்கள் செய்ததும் அந்தக் கால் சுற்று வேலைதான்.