வீட்டுப் பட்டறையில் மிக் வெல்டிங்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வெல்டிங் பழகிய இளைஞர், ஓய்வு நேரத்தில் தம் வீட்டிலேயே ஜன்னல் கிரில், மேசைக்கால் முதலியன செய்து பொருளீட்ட விரும்புவது இயல்பே. அவருக்குச் சிறிய ‘மிக்’ இயந்திரம் உற்ற துணையாகும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வகைகள் கிடைக்கின்றன. ராடு வெல்டிங்கில் எளிதில் ஓட்டை விழும் மெல்லிய தகட்டையும் 0.8 மி.மீ. கம்பியால் நேர்த்தியாக இணைக்கலாம்.

உருகிய உலோகத்தைக் காப்பது, டார்ச்சிலிருந்து வெளிவரும் கரியமில வாயு அல்லது அதனுடன் ஆர்கான் சேர்ந்த கலவை. மின்விசிறிக் காற்று அதைக் கலைத்தால் இணைப்பில் நுண்துளைகள் தோன்றி வலிமை குன்றும். திறந்த முற்றத்தில் வேலை செய்வோருக்கு வாயு தேவைப்படாத ஃப்ளக்ஸ் கம்பி ஏற்றது.

காற்றுக்கு அஞ்சிக் கதவை அடைத்துவிடலாகாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயின் புகையைச் சுவாசித்தால், சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரக்கூடும். இணைக்கும் இடத்தில் பூச்சை முன்னரே நீக்கிவிடுங்கள்.

சுடரின் புறஊதாக் கதிர், அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்களையும் தாக்கும். வலி உடனே தெரியாது; இரவில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். வேலை செய்பவருக்கு முகக்கவசம் இருக்கிறது, குழந்தைக்கு?

சகோதரர்களே! மறைப்புத் திரையிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்திய பின்னரே சுடர் மூட்டுங்கள். அவர்களுக்காகத்தானே இந்த உழைப்பு!