பழைய ஜீப் பிக்கப்: பேணி வைத்தால் பண்ணைக்குத் துணை

திருவெறும்பூர் மலைக்கோயிலுக்குக் கிழக்கே, உய்யக்கொண்டான் வாய்க்காலின் கடைமடையில் எங்கள் வாழைத் தோட்டம். வாய்க்கால் கரைப் பாதை குறுகலானது. மழை பெய்தால் சேறாகிவிடும். வாடகை லாரி தஞ்சாவூர் சாலையிலேயே நின்றுகொள்ளும். தார்களைத் தலைச்சுமையாகச் சாலை வரை கொண்டு வர ஆள்கூலி தனி. பலமுறை ஏற்றி இறக்குவதால் காய் அடிபட்டு விலை குறைவது தனி நஷ்டம்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தது ஒரு பழைய மகேந்திரா ஜீப் பிக்கப். 1986ல் செய்த அந்த வண்டியை என் தகப்பனார் 1991ல் கைமாற்றாக வாங்கினார். இன்றும் அது தோட்டத்துக்குள் வந்து நிற்கிறது. வெட்டிய தாரை நேரே வண்டியில் அடுக்கி, இடையிடையே வாழைச் சருகு வைத்து, விடியுமுன் திருச்சி காந்தி மார்க்கெட்டில் இறக்கி விடுகிறோம். இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டுப் பிள்ளைகள் இருமுறை யோசனை சொன்னார்கள். வாடகைக் கணக்கைக் காட்டியதும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

ஜீப் வந்த வழி

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்யப்பட்டது ஜீப். போர் முடிந்தபின் அதை உழவருக்கும் ஏற்ற வண்டியாக வில்லிஸ் நிறுவனம் விற்றது. 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனம் அதன் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னர் முழு வண்டியும் இங்கேயே தயாராயிற்று. மூக்கில்லாத எப்.சி. ரக வண்டியும் ஜீப் பிக்கப்பும் கிராமங்களுக்கு வந்தது இப்படித்தான். பஜாஜ் டெம்போவின் மெட்டடார், டாட்டா 207 ஆகியவையும் சந்தைச் சாலைகளில் பெயர் பெற்றவை.

இந்த வண்டிகளில் மின்னணுக் கருவிகள் கிடையாது. டீசல் பம்பு, பில்டர், பிரேக் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பழுது எங்கே என்று ஓட்டுபவரே கண்டுபிடித்து விடலாம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியானால் சேற்றிலும் நிற்காது.

நம் ஊருக்கு உள்ள வசதி

பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்காது என்பது பலருடைய அச்சம். நம் வட்டாரத்தில் அந்த அச்சம் குறைவு. 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இங்கு வந்தது. அதைச் சார்ந்து துவாக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமான சிறு பட்டறைகள் தோன்றின. வெல்டிங்கும் கடைசல் வேலையும் அறிந்தவர்கள் இங்கு நிறைய. தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து தருவார்கள். துருப்பிடித்த தளத்தகட்டை வெட்டி மாற்றித் தருவார்கள். ஆனால் பிரேக், ஸ்டியரிங் பாகங்களை மட்டும் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. அவற்றுக்கு முறையான புதுப் பாகமே போட வேண்டும்.

துருவே முதல் எதிரி

பண்ணை வண்டியை எஞ்சினை விடத் துருவே சீக்கிரம் தின்கிறது. பொட்டாஷ் உப்பு இரும்பை அரிக்கும். யூரியாவும் ஈரத்தை இழுக்கும். உரமோ தொழுஉரமோ ஏற்றிய அன்றே தளத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல நீரில் கழுவி உலர விட வேண்டும். தளத்தில் உள்ள வடிகால் துளைகளை அடைபடாமல் குச்சியால் குத்திவிடுங்கள். ஈர வைக்கோலையும் சருகையும் வண்டியிலேயே விட்டு வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், சேசிஸைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசுவது நல்லது. கூரைக் கொட்டகையில் நிறுத்தினால் வண்டியின் ஆயுள் கூடும். எலி வயரைக் கடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற கவனிப்பு

டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். காற்று வடிகட்டி எண்ணெய்க் கிண்ணம் உள்ளதாக இருந்தால், புழுதிக் காலத்தில் அந்த எண்ணெயை அடிக்கடி மாற்றுங்கள். ஸ்பிரிங் பட்டைகளின் இணைப்புகளிலும் முன்சக்கர முட்டுகளிலும் கிரீஸ் தவறக் கூடாது. வாய்க்காலில் இறங்கி ஏறியபின் கியர் பெட்டி, பின் அச்சு எண்ணெயைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும்.

இவ்வகை வண்டிகள் புது வண்டிபோல் சட்டென்று நிற்க மாட்டா. முன் வண்டிக்கு இடைவெளி விட்டு, நிதானமாக ஓட்டுவதே பாதுகாப்பு. பதிவுப் புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். கூலி ஆட்களைச் சரக்குத் தளத்தில் ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை கிடைக்காமல் போகலாம். நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில் விழும். ஒரு நடைக் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் நிலத்தையே விற்க நேரலாம்.

சட்டம் சொல்வது

சரக்கு ஏற்றிய மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. ஆனால் தகுதிச் சான்றும் இன்ஷூரன்சும் கட்டாயம். 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் கூடிவிட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. வாங்குமுன் இவற்றை எல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக் கணக்கிட வேண்டும். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்சில் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021ல் மத்திய அரசு தனி விதி செய்தது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாட வேலைக்கு ஓட்ட முடியாது. ஆகவே வாழை ஏற்ற வேண்டிய விவசாயிக்கு அந்தப் பெருமை ஒத்துவராது.

வாங்க நினைப்பவருக்கு

பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்துச் சேசிஸைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தம் கேட்டால் ஒதுங்கி விடுங்கள். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். வண்டி அறிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அறுவடை நாளில் வாடகை வண்டிக்காகச் சாலையோரம் காத்து நின்றவருக்குத்தான் சொந்த வண்டியின் அருமை தெரியும். உழவு மாட்டைக் குளிப்பாட்டித் தீனி வைத்துக் காத்த கைகள் நம்முடையவை. அதே அக்கறையை இந்த இரும்பு மாட்டிடமும் காட்டினால், அது நம் பிள்ளைகள் காலத்திலும் பாரம் இழுக்கும்.