ராணுவத்தைக் கலைத்த ஒரு கையெழுத்து... ஐ.எஸ் அமைப்பு எப்படி உருவானது?

2014 ஜூன் 10. ஈராக்கின் பெரிய நகரங்களில் ஒன்றான மொசூல், ஐ.எஸ் வசம் போனது. கறுப்புக் கொடியோடு வந்த சிறு கூட்டத்தின் முன்னால், பல மடங்கு பெரிய ராணுவம் ஓட்டம் பிடித்தது. 'திடீரென எங்கிருந்து முளைத்தார்கள் இவர்கள்?' எனப் பலரும் திகைத்தார்கள். ஆனால், இதற்கான விதை 11 ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது.

வேலை போனது, கோபம் மிஞ்சியது

2003-ல் சதாம் உசேன் ஆட்சியை அமெரிக்கா கவிழ்த்தது. ஈராக் நிர்வாகத்தை ஏற்ற அமெரிக்கர் பால் பிரெமர், அந்த மே மாதம் இரண்டு உத்தரவுகள் போட்டார். ஒன்று, சதாமின் பாத் கட்சி மூத்த உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. இன்னொன்று, ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் சம்பளம் இழந்து தெருவுக்கு வந்தார்கள்.

அபாயகரமான சித்தாந்தம்

அந்தக் கோபத்துக்கு மதச் சாயம் பூசியவர், ஜோர்டானைச் சேர்ந்த அபு முசாப் அல் சர்காவி. 2004-ல் பின்லேடனின் தலைமையை ஏற்றார். அவர் கையில் எடுத்தது 'தக்ஃபீர்'. அதாவது, சக முஸ்லிமையே 'நீ முஸ்லிம் இல்லை' என்று தீர்ப்பளிப்பது. ஷியாக்களைத் தாக்கினால், அவர்கள் சன்னிகளைத் திருப்பி அடிப்பார்கள். பயந்துபோன சன்னிகள் நம்மிடம் வருவார்கள் என்பது அவரது கணக்கு.

அமெரிக்கர்களின் புக்கா முகாம் சிறையில் மதத் தீவிரவாதிகளும் சதாமின் முன்னாள் ஆட்களும் ஒன்றாக அடைக்கப்பட்டார்கள். பின்னாளில் ஐ.எஸ் தலைவரான அபுபக்கர் அல் பாக்தாதியும் 2004-ல் அங்கே இருந்தவர்தான். ஒருவரிடம் சித்தாந்தம், இன்னொருவரிடம் போர் அனுபவம். அமெரிக்கப் படை 2011-ல் வெளியேறிய பிறகு, ஷியா தலைமையிலான அரசு தங்களை ஒதுக்குவதாக சன்னிகள் குமுறினார்கள். பக்கத்திலேயே சிரியாவில் உள்நாட்டுப் போர். ஐ.எஸ்ஸுக்கு வேறென்ன வேண்டும்?

அதிகம் இறந்தது யார்?

ஐ.எஸ்ஸால் ஈராக்கிலும் சிரியாவிலும் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. யஜீதி மக்கள் இனப்படுகொலைக்கு ஆளானார்கள். 2014 செப்டம்பரிலேயே 120-க்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள், பாக்தாதியின் வாதங்களை மார்க்க ஆதாரங்களுடன் மறுத்துக் கடிதம் வெளியிட்டார்கள்.

2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸ் கிராமத்தோடு ஐ.எஸ்ஸின் நிலப்பரப்பு முடிவுக்கு வந்தது. ஆனால், அடுத்த மாதமே இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஐ.எஸ் பொறுப்பேற்றது.

நிலத்தை ராணுவத்தால் மீட்க முடிந்தது. வெறுப்பை விதைக்கும் பேச்சையும், அது வேர்பிடிக்க இடம் தரும் அநீதியையும் துப்பாக்கியால் மட்டும் தடுக்க முடியாது!