ஊதி ஆற்றாதே

ஹைதராபாத் கமலா நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கடிதம் போட்டிருக்கிறாள். கோடு போட்ட தாளில் நாலு பக்கம். "ஏழு கதை ஆரம்பிச்சேன் சார், ஒண்ணுகூட முடியலை. எழுதணுங்கிற வேகம் ரெண்டு நாள்ல அடங்கிடுது. நம்ம குஷாய்குடால கதையாகிற மாதிரி என்னதான் நடக்குது? பஸ் டிப்போ, பட்டறைங்க, டிராஃபிக். அவ்வளவுதானே?" டி.வி. பெட்டியையும் மிக்ஸியையும் பற்றி எழுதுகிறவனிடம் இதைக் கேட்கலாமா என்று கடைசிப் பக்கத்தில் தயங்கியும் இருக்கிறாள். தாராளமாகக் கேட்கலாம். கதை எழுதுவதில் முக்கால்வாசி, ரிப்பேர் வேலை.

தொடக்கம், முடிச்சு, முடிவு, பாத்திரப்படைப்பு இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். அதை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே சங்கதியைச் சொல்கிறேன். அதற்குப் பெயர் டிரை சால்டர்.

பழைய டி.வி. வைத்திருந்த வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், பெயர்தான் தெரியாது. படம் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மறையும். யாராவது எழுந்துபோய்ப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி வரும். உள்ளே எங்கோ ஒரு பற்றவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பற்றவைப்புக் கம்பியில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். 183 டிகிரியில் உருகும். சூட்டுக்கோலைக் கம்பியில் வைத்து உருக்கி ஊற்றக் கூடாது. பாகத்தின் காலும் போர்டின் செம்பும் சேர்ந்து சூடாக வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் தானாக இறங்கிப் பரவ வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று வினாடி கையை ஆட்டாமல் இருக்க வேண்டும். நடுவில் அசைந்தால், வெளியே பற்றின மாதிரி இருக்கும், உள்ளே முடியிழை அளவு விரிசல். பெட்டி சூடேறினால் விரிசல் அகலும், படம் போய்விடும்.

இருபது வயதில் ஒரு ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவசரக்காரன். பற்றவைத்ததும் சீக்கிரம் ஆறட்டும் என்று வாயால் ஊதுவேன். நான் சரிபண்ணிய பெட்டி மூன்றாம் நாள் அதே கோளாறோடு திரும்பி வந்தது. ஓனர் லென்ஸை என் கையில் கொடுத்தார். காலைச் சுற்றி மோதிரம் போல ஒரு கறுப்புக் கோடு. ஈயம் பளபளப்பு இல்லாமல், வெந்தும் வேகாத இட்லி போல மங்கிக் கிடந்தது. "ஊதொத்துரா" என்றார், ஊதாதேடா என்று தெலுங்கில். மேலே இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். பழையதை முழுக்க உருக்கி உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முதலிலிருந்து பற்றவைக்கச் சொன்னார்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ.யில் படித்தவளாம். அப்படியானால் 'பொயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்று ஆங்கிலப் பாடம் ஒன்று படித்திருப்பாள். ஜெமினி ஸ்டூடியோ பற்றியது. 'பான்கேக்' என்பது மேக்கப் சாமான் என்று ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்திருப்பாள். அதை எழுதிய அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், ரயில்வேக்காரர் மகன், லான்சர் பாரக்ஸில் வளர்ந்தவர் என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? நம் டிப்போவில் பஸ் ஏறினால் போய் இறங்கிவிடக்கூடிய இடம். இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் அவரை ஆங்கிலத்தில், மார்க்குக்காக, எந்த ஊர்க்காரர் என்றே தெரியாமல் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்காத பெற்றோரை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். இப்போது வேண்டாம்.

அந்தக் கட்டுரையில் இரண்டு இடம் முக்கியம். ஜெமினியில் அவர் வேலை, பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கிறவனுக்கு என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று ஆளாளுக்கு உள்ளே வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போவார்களாம். எழுதத் தோதான வேலை கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். இன்னொன்று, 'என்கவுன்டர்' என்ற லண்டன் பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டி. (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இலக்கியப் பத்திரிகைதான்.) கதையை அனுப்பத் தபால் செலவு அதிகம். அதனால் முதலில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போய் அந்தப் பத்திரிகை எப்படிப்பட்டது என்று புரட்டிப் பார்த்திருக்கிறார். இன்றைக்கு ஒரே கதையைப் பத்துப் பத்திரிகைக்கு ஒரே மின்னஞ்சலில் தட்டிவிடுகிறவர்கள், அதில் ஒன்றையாவது வாங்கிப் படித்திருப்பார்களா?

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. உரைநடை எழுதுவது மேதைகளின் காரியமே இல்லை, சளைக்காத பொறுமைசாலியின் காரியம் என்பது அங்கே அவர் பாதி கேலியாகச் சொல்லும் கட்சி. அப்படிப்பட்டவன், கதை திரும்பி வந்தால் உடைந்துபோக மாட்டான். உட்கார்ந்து புதிதாக ஒரு பிரதி எடுப்பான். திரும்பி வரவும் தபால்தலை வைத்து, அடுத்த ஆசிரியருக்கு அனுப்புவான்.

இந்தப் 'புதிதாக ஒரு பிரதி' என்னை விடுவதில்லை. மடித்துக் கசங்கித் திரும்பிய தாளை அடுத்தவருக்கு அனுப்ப முடியாது, அதனால்தான் பிரதி. ஆனால் கை சும்மா பிரதி எடுக்காது. முதல் தடவை மனசு ஓடின வேகத்தில் தாண்டிவந்த வாக்கியத்தில் இரண்டாம் தடவை பேனா நிற்கும். அங்கேதான் கறுப்பு மோதிரம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அந்த வாக்கியத்தை மட்டும் திருத்துவோம். அது மேலே ஈயம் வைக்கிற வேலை. ஆச்சரியக்குறியும் மூன்று புள்ளியும் கடைசி வரித் திருப்பமும் பெட்டியைத் தலையில் தட்டுகிற வேலை. படம் வரும், தங்காது. பிரதி எடுக்கும்போது முழுவதும் உருகுகிறது.

வேகம் அடங்கிவிடுகிறது என்பதற்கும் இதுவே மருந்து. புதுக்கதை எழுத வேகம் வேண்டும். பிரதி எடுக்க வேண்டியது நாற்காலியும் முக்கால் மணி நேரமும்.

குஷாய்குடாவில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன வியாழக்கிழமை ஈ.சி.ஐ.எல். சௌரஸ்தா டீக்கடையில் ஒருவர், வாட்ச்மேன் சட்டை போட்டவர், இரண்டு உஸ்மானியா பிஸ்கட் வாங்கினார். ஒன்றை டீயில் தோய்த்துத் தின்றார். மற்றதைக் கைக்குட்டையில் மடித்து, சட்டைப் பையில் வைத்து, பொத்தானும் போட்டுக்கொண்டார். போகும்போது பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. இதைப் பார்த்த உடனே 'வீட்டில் நோயாளி மனைவி' என்று எழுதிவிடத் தோன்றும். அதுதான் ஊதி ஆற்றுவது. அசோகமித்திரன் அப்படி ஊதவில்லை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது அசோகமித்திரனுக்குப் பதினேழு நிறையவில்லை. 1952இல் சென்னைக்குப் போய்விட்டார். அந்த நாட்களை, கிரிக்கெட் ஆடும் ஒரு கல்லூரிப் பையனை வைத்துச் சொல்லும் '18வது அட்சக்கோடு' நாவல் 1977இல்தான் வந்தது. அவ்வளவு காலம் பொறுக்க நம்மால் முடியாது. ஒரு வாரமாவது அந்தப் பிஸ்கட்டை மடித்தபடியே வைத்திருக்கலாம்.

கடிதத்தோடு ஒரு கதையும் அனுப்பியிருந்தாயே அம்மா, பாதியில் நின்றது. அதை இன்று திருப்பி அனுப்புகிறேன். திருத்தம் எதுவும் போடவில்லை, இரண்டாம் பக்கத்து மஞ்சள் கறை மட்டும் என் டீ. புதுத்தாளில் முதலிலிருந்து எழுதி அனுப்பு. உறை ஒன்றில் உன் விலாசத்தை எழுதி, தபால்தலை ஒட்டி, அதையும் உள்ளே வை.