பவுனுக்குத் திறந்த கதவு

ஜலந்தரில் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக். பர்மிங்ஹாமில் அவர் மகள். அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. போய்ப் பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு ஒரே மாதத்தில் ஊர் திரும்பவேண்டும். அவ்வளவுதான் கிழவருக்கு ஆசை. இப்படி ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே!

பிரிட்டிஷ் விசாவுக்கு அவர் மனுப் போடவேண்டும். 2025 ஏப்ரலில் அதற்குக் கட்டணம் 127 பவுனாக ஏறியது. நம் பணத்தில் 14,000 ரூபாய்க்கு மேல். மாத வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு, சொல்! பாங்கிக் கணக்கைக் காட்டு! திரும்பிப் போவாய் என்பதற்கு அத்தாட்சி எங்கே? நிலம் நீச்சு உள்ளவன் பத்திரத்தைக் காட்டுவான். சீமான் கம்பெனிப் பங்குகளைக் காட்டுவான். உழைத்து ஓய்ந்தவர் எதைக் காட்டுவார்? காய்த்துப்போன கைகளையா?

இதே ஜலந்தர் ஜில்லாவிலிருந்து 1950-களில் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனுக்குப் போனார்கள். விசா கேட்டார்களா? இல்லை! காமன்வெல்த் மக்கள் வந்து வேலை செய்யலாம் என்று கதவு திறந்தே கிடந்தது. (பாஸ்போர்ட் கொடுக்க நமது சர்க்கார் தயங்கியது தனிக்கதை.) யுத்தம் முடிந்த நாட்டில், வார்ப்படச் சாலையின் உலை முன்னே வெந்து நிற்க ஆள் தேவைப்பட்டது. ஆள் சேர்ந்தது; 1962-ல் வேலைக்கு வருவோருக்கு வவுச்சர் முறை வந்தது. விருந்தாளியாகப் போகும் இந்தியருக்கும் விசா கட்டாயம் என்று 1986-ல் ஆக்கினார்கள்.

வேலியே கூடாது என்று நாம் வாதாடவில்லை. நம் நாடும் பிரிட்டிஷ்காரரிடம் விசா கேட்கத்தான் செய்கிறது. பார்க்க வந்து அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் வேலியின் உயரம் எல்லோருக்கும் ஒன்றா?

2008-ல் முதலீட்டாளர் விசா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 10 லட்சம் பவுன் கொண்டுவா, உள்ளே வா! 2014-ல் அது 20 லட்சம் ஆயிற்று. ஆங்கிலம் தெரியுமா என்று அவனைக் கேட்கவில்லை. வேலை இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. ஊழல் பணம் இந்த வழியில் புகுந்துவிட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டு, 2022 பிப்ரவரியில்தான் மூடினார்கள். கிட்டத்தட்ட பதினான்கு ஆண்டு பவுனுக்குத் திறந்திருந்த வாசல் அது!

மெக்கானிக்கின் மனு தள்ளுபடியானால்? கட்டிய பணம் போனது போனதுதான். குடும்பத்தைப் பார்க்க வருவோருக்கு முன்பெல்லாம் முழு அப்பீல் உரிமை இருந்தது. நீதிபதி முன் மகள் நின்று, "என் அப்பா திரும்பிவிடுவார்" என்று சாட்சி சொல்லலாம். 2013 ஜூனில் அதைப் பறித்தார்கள். மனித உரிமை மீறல் என்று வாதாட ஒரு குறுகிய சந்து மட்டும் மிச்சம்.

மறுபடி மனுப் போடலாமே என்கிறார்கள். போடலாம். மறுபடியும் முழுக் கட்டணம் கட்டவேண்டும். அதற்குள் பேரன் தவழ ஆரம்பித்திருப்பான்.