வேப்பெண்ணெய்: மரபும் சான்றும்

திருவிதாங்கூர் அரசு 1889ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை ஒன்றை நிறுவியது. குருவிடமிருந்து சீடருக்கு வழிவழியாக வந்த மருத்துவ அறிவை முறையான பாடத்திட்டத்திற்குள் கொண்டுவந்த அப்பாடசாலையே இன்று அரசு ஆயுர்வேதக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. மருந்துப் பொருள்களின் குணங்களைப் பயிலும் மாணவர்க்கு வேம்பு பற்றிய பாடம் இன்றியமையாத ஒன்றாகும்.

வேப்பங்கொட்டையின் பருப்பை ஆட்டி எடுக்கப்படுவது வேப்பெண்ணெய். கைப்புச் சுவையும் கடும் நெடியும் உடைய இவ்வெண்ணெய் கிருமிகளை அழிக்கும். தோல் நோய்களைப் போக்கும். புண்களை ஆற்றும் என்று ஆயுர்வேதம் கூறுகிறது. சொறி, சிரங்கு, ஆறாப்புண் ஆகியவற்றின்மீது இதனைப் பூசுவதும், பேன் ஒழியத் தலையில் தடவுவதும் நெடுங்கால வழக்கம். கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றும் அஷ்டாங்க ஹிருதயம், இளநரைக்கு இதனை மூக்கில் துளித்துளியாக இடும் ‘நசியம்’ என்னும் முறையையும் குறிப்பிடுகிறது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிகள் உண்பதையும் வளர்வதையும் தடுக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

வழிவழி வந்த அறிவுக்குச் சான்று எத்துணைத் தேவை என்பதை ஒரு வழக்கு உணர்த்தியது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூசண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் அம்முறை முன்பே வழக்கிலிருந்தது என்பதற்கான சான்றுகள் முன்வைக்கப்பட்டதால், 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. இத்தகைய உரிமைகோரல்களைத் தடுக்கும் பொருட்டு 2001இல் இந்திய அரசு மரபறிவு மின்னூலகத்தைத் தொடங்கியது.

உரிமையைக் காக்கச் சான்று தேவைப்படுவது போலவே, உயிரைக் காக்கவும் அது தேவைப்படுகிறது. பழைமையானது என்பதனாலேயே ஒரு மருந்து எல்லார்க்கும் தீங்கற்றதாகிவிடாது. சிறு நோய்களுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, ஈரல் பாதிப்பு ஆகியவை ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் அறிவித்தனர். அவர்களுள் சில குழந்தைகள் இறந்தும் போயினர். ஆகவே, குழந்தைகளுக்கு இவ்வெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்தல் கூடாது. கருவுற்ற தாய்மாரும் இதனை உட்கொள்ளலாகாது. ஏனையோரும் தகுதிபெற்ற மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் நன்றன்று. தோலில் பூசும்போதும் முதலில் சிறிதளவு தடவி, எரிச்சல் உண்டாகிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னோர் கண்ட பயன்களைப் பதிவு செய்வதோடு, அவற்றின் அளவையும் எல்லையையும் ஆய்ந்து மக்களுக்கு எடுத்துரைப்பதும் மரபு மருத்துவத்தைப் போற்றும் வழியேயாகும். திருவனந்தபுரத்தில் 1889இல் தொடங்கிய பணியின் நோக்கம் அவ்வாறே முழுமை பெறும்.