கேள்வி கேட்கும் இளைஞரை விரட்டலாமா?

1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாகியபோது, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் அதனைத் தாங்கிக்கொண்டன. கராஜில் உதவிக்கு நின்ற சிறுவர்கள் இவ்வித்தையை மூத்தவர்களிடம் பார்த்தே பழகினர்.

இன்று பழைய கார்களை நேசிப்போர் இணையத்திலும் கூடுகின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆனால், "பொயின்ற் இடைவெளி என்றால் என்ன?" என்று கேட்கும் இளைஞருக்கு அங்கு கிடைப்பது பெரும்பாலும் ஏளனமே. இலத்திரனியல் முறையில் தீப்பொறி எழும் கார்களையே கண்டு வளர்ந்தவர் பொயின்ற்றை எங்கே கண்டிருப்பார்? மொறிஸ் மைனரில் அவ்விடைவெளி ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். இக்காலப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை எனக் குறைப்படுவோரும் இதே ஏளனக்காரர்தாம் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

மொறிஸ் மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் முதுமையடைந்துவிட்டனர். எனவே, புதியவரின் கையிலேயே அளவுத் தகட்டைக் கொடுத்து இடைவெளியைச் சரிசெய்யவிட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே புகக்கூடாது என்பதை அதற்கும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.